கடலோர மனையா, லேஅவுட் மனையா, பழைய வீடா, ஒத்தியா: ராமநாதபுரம் பக்கம் முதல் வீடு வாங்குமுன்

சவூதியில் தம்மாமில் இருக்கும் என் தம்பி வெள்ளிக்கிழமை தவறாமல் போன் போடுவான். இரண்டு மாதமாக அவன் பேச்சு முழுக்க வீடுதான். "அக்கா, உச்சிப்புளி தாண்டி ஒரு மனை வந்திருக்காம். மாடி போட்டா கடல் தெரியுமாம். மச்சானோட போய்ப் பாரேன்" என்பான். அடுத்த வெள்ளி கீழக்கரையில் ஒரு பழைய வீடு என்பான். அதற்கடுத்த வெள்ளி பட்டணம்காத்தான் பக்கம் புது லேஅவுட். கையில் எட்டு லட்சம் சேர்த்திருக்கிறான். இருபது லட்சம் வங்கியில் வாங்கலாம் என்று கணக்கு. மனைவியும் மகளும் உச்சிப்புளியில் 6,500 ரூபாய் வாடகை வீட்டில் இருக்கிறார்கள்.

நாங்கள் 2019இல் வாங்கினோம். அதில் பட்டதும் உண்டு, சரியாக அமைந்ததும் உண்டு. அவனுக்கு வாரா வாரம் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் எழுதிவிடுகிறேன். அவன் நிலைமையில் இந்தப் பக்கம் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

முதலில் அந்த எட்டு லட்சம். 25 லட்ச ரூபாய் வீடு என்று வைத்துக்கொள்வோம். 30 லட்சம் வரையிலான வீட்டுக் கடனுக்குச் சொத்து மதிப்பில் 90 சதவீதம் வரை தரலாம் என்பது ரிசர்வ் வங்கி விதி. அது உச்ச வரம்பு. எல்லாருக்கும் கிடைக்கும் என்று நினைக்க வேண்டாம். பழைய வீடென்றால் வங்கி அனுப்பும் மதிப்பீட்டாளர் விலையைக் குறைத்துத்தான் எழுதுவார். சரி, 20 லட்சம் கடன் கிடைத்துவிட்டது, 5 லட்சம் கைக்காசு போட்டாயிற்று. முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், இரண்டும் சேர்த்து 2,25,000 ரூபாய். இந்த விலை வீட்டுக்குப் பதிவுச் செலவைக் கடன் கணக்கில் சேர்க்க மாட்டார்கள். மிச்சம் 75,000. அதில் வக்கீல், பத்திர எழுத்தர், மதிப்பீட்டாளர், புரோக்கர் எல்லாரும் இருக்கிறார்கள். பால் காய்ச்சப் புது அடுப்பு வாங்கினால் அதுவும் அதற்குள்தான்.

நாங்கள் வாங்கியபோது பதிவுக் கட்டணம் 4 சதவீதம், ஆக மொத்தம் 11. இப்போது 9 என்றதும் தம்பிக்கு ஒரே சந்தோஷம். 2023 மார்ச் கடைசியில் அதைக் குறைத்தபோதே, 2017இல் 33 சதவீதம் இறக்கியிருந்த வழிகாட்டி மதிப்பை (பதிவுக்கு அரசு வைத்திருக்கும் நில விலை)ப் பழையபடி ஏற்றியும் விட்டார்கள். வழிகாட்டி மதிப்பில் பதிகிறவருக்கு அந்த இரண்டு சதவீதம் அங்கேயே போய்விட்டது.

மாதத் தவணை தனிக் கணக்கு. 8.5 சதவீத வட்டியில் 20 லட்சத்தை 20 வருடத்தில் அடைத்தால் மாதம் 17,356 ரூபாய், மொத்தமாகக் கட்டுவது 41.65 லட்சம். அதையே 15 வருடத்தில் என்றால் மாதம் 19,695, மொத்தம் 35.45 லட்சம். மாதம் 2,300 கூடக் கட்டினால் ஆறு லட்சம் மிஞ்சுகிறது. மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய வீட்டுக் கடனை முன்னதாக அடைத்தால் அபராதம் கிடையாது. போனஸ் வரும்போதெல்லாம் அசலில் தட்டிவிடலாம். கீழக்கரை, பெரியபட்டினம் பக்கம் வட்டிக் கடனே வேண்டாம் என்றிருக்கும் குடும்பங்கள் பல உண்டு. அவர்கள் மனையை முதலில் வாங்கிப் போட்டு, அஸ்திவாரம் ஒரு வருடம், சுவர் அடுத்த வருடம் என்று கட்டுவார்கள். அவர்களுக்கு நான் கீழே சொல்லும் வரிசையே மாறிவிடும்.

கடல் தெரியும் மனை

தம்பி சொன்னானே என்று போனோம். புரோக்கர் பைக்கை முன்னால் விட, நாங்கள் பின்னால். தார்ச்சாலை முடிந்து மணல் பாதை, இரண்டு பக்கமும் சீமைக்கருவேல், நடுவில் நாலைந்து பனை. எல்லைக்கல் நட்டிருந்தார்கள். காற்று ஜம்மென்று இருந்தது, பொய் சொல்லக் கூடாது. அந்தக் காற்றில்தான் கடலோர மனையின் விலையும் இருக்கிறது, வினையும் இருக்கிறது.

கடல் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடற்கரை ஒழுங்குமுறை மண்டலம். ஊராட்சிப் பகுதிகளில் அதில் முதல் 200 மீட்டர் பெரும்பாலும் புதுக் கட்டடமே கூடாத இடம். மீனவ மக்களின் குடியிருப்புக்கு மட்டும் சில சலுகைகள் உண்டு. உப்பங்கழி ஓரத்துக்கும் தனி வரம்பு இருக்கிறது. இதெல்லாம் பத்திரத்தில் இருக்காது. பட்டா சுத்தமாக இருக்கும், வில்லங்கம் சுத்தமாக இருக்கும், பதிவும் ஆகிவிடும். வீடு கட்ட அனுமதி கேட்டுப் போகும் அன்றுதான் கதவு சாத்தும். "நம்ம இடம் அதுக்கு வெளியே இருக்கு" என்று புரோக்கர் சொன்னார். எங்கே அளந்தீர்கள் என்று என் கணவர் கேட்டார். அவர் கைநீட்டிக் காட்டிய பனைமரத்துக்கு வரைபடத்தில் இடமில்லை. அந்த மனையின் சர்வே எண் கடலோர மேலாண்மை வரைபடத்தில் எங்கே விழுகிறது என்று எழுத்தில் வாங்காமல் ஒரு ரூபாய்கூடக் கொடுக்கக் கூடாது.

அப்புறம் தண்ணீர். பக்கத்துத் தோப்பில் ஒரு போர் இருந்தது. காவலுக்கு இருந்த ஆயா மோட்டாரைப் போட்டு ஒரு சொம்பில் பிடித்துக் கொடுத்தார். வாயில் வைத்ததும் துப்பினேன். "இது தென்னைக்கு ஊத்துறது. குடிக்க அங்க ஊத்துத் தோண்டி எடுப்போம்" என்று மணல்மேட்டைக் காட்டினார். போய்ப் பார்த்தோம். இடுப்பளவுப் பள்ளம், அடியில் ஒரு சாண் தண்ணீர், பக்கத்தில் குடமும் சிரட்டையும். சிரட்டையால் அரித்து அரித்து மொள்ள வேண்டும். குடித்தேன், இளநீர் மாதிரி இருந்தது. ஐம்பதடி தள்ளி உப்பு, இங்கே இனிப்பு, எப்படி? மணல்மேட்டில் இறங்கும் மழைநீர் எடை குறைவென்பதால் அடியிலிருக்கும் உப்புநீர் மேல் மிதந்துகொண்டிருக்கும். சிரட்டையால் மொண்டால் அது தாங்கும். ஆழமாகப் போர் இறக்கி மோட்டாரை ஓடவிட்டால் அடி உப்பு மேலேறிவிடும். சுற்றிலும் பத்து வீடு வந்து பத்துப் போர் இறங்கினால் அந்த ஊற்றும் போய்விடும்.

1964 டிசம்பர் 22 இரவு தனுஷ்கோடிக்கு நேர்ந்ததை இந்தப் பக்கத்தில் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதன்பின் அந்த ஊரையே மனிதர் வாழத் தகுதியற்றது என்று அரசு அறிவித்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம், அன்றாடம் என்ன ஆகும் என்று பாருங்கள். சோழகக் காற்றில் தென்கடல் பக்கம் மணலும் உப்பும் வீட்டுக்குள் வரும், வாடையில் வடகடல் பக்கம் வரும். ஃபேன், ஃபிரிட்ஜ், ஜன்னல் கம்பி எல்லாம் பாதி ஆயுள்தான். 2025 ஏப்ரலில் புது பாம்பன் பாலம் திறந்த பிறகு இந்தச் சாலையோரம் மனை விற்பவர்கள் எல்லாருமே பாலத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள். பாலம் வந்தால் ரயில் வரும், நல்ல தண்ணீர் வருமா?

முதல் வீட்டுக்கு, அதுவும் ஒரே வீட்டுக்கு, கடலோர மனை வேண்டாம் என்பது என் முடிவு. காசு மிஞ்சிய காலத்தில் தோப்பாக வாங்கிப் போடட்டும்.

லேஅவுட் மனை வாங்கிக் கட்டுவது

மருத்துவக் கல்லூரி வந்ததிலிருந்து ராமநாதபுரத்தைச் சுற்றிக் கொடி நட்ட மனைகளுக்குக் குறைவில்லை. எல்லாமே நோட்டீஸில் பேருந்து நிலையத்திலிருந்து பத்து நிமிடம்தான். எந்த நேரத்தில், எந்த வண்டியில் என்று போட்டிருக்காது.

இதில் பார்க்க வேண்டியது நாலு. நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் அங்கீகார எண். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தின் பதிவு எண் (500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவுக்கு இது வேண்டும்). பாதையை ஊராட்சிக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்களா என்பது. வருவாய்த் துறையின் 'அ' பதிவேட்டில் அந்த சர்வே எண் என்ன வகைப்பாடு (பட்டா நிலமா, கண்மாயா, கால்வாயா) என்பது. அங்கீகாரமில்லாத மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் வந்த திட்டம் 2016 அக்டோபர் 20க்கு முன் உண்டான மனைகளுக்கு மட்டும்தான். "கொஞ்ச நாள்ல அப்ரூவல் ஆயிரும்" என்று யாராவது சொன்னால் அந்தத் தேதியைச் சொல்லிக் கேளுங்கள்.

இந்த மாவட்டத்தில் நாலாவதுதான் முக்கியம். இது கண்மாய் பூமி. கண்மாய், ஊருணி, வரத்துக் கால்வாய் எதுவும் வைகாசியில் பார்த்தால் கருவேலங்காடாகத்தான் தெரியும். ஜேசிபி வைத்து வழித்துச் செம்மண் அடித்துக் கல் நட்டால் அழகான மனை. கார்த்திகையில் தண்ணீர் தன் பழைய இடத்தைத் தேடிக்கொண்டு வரும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. அந்த வாரம் தங்கச்சிமடத்தில் என் தோழி வீட்டுக்குப் போக முடியவில்லை. எந்த மனையாக இருந்தாலும் ஒரு ஐப்பசி, கார்த்திகை மழையில் போய் நின்று பார்த்துவிட்டுத்தான் பதிய வேண்டும். சமஸ்தானக் காலத்து இனாம் நிலம், கோயில் நிலம், வக்பு நிலம் என்று வேறு சிக்கல்களும் இங்கே உண்டு. கோயில், வக்பு நிலத்தை விற்றுப் பதிவதைப் பதிவுச் சட்டத்தின் 22-ஏ பிரிவே தடுக்கிறது என்றாலும், முப்பது வருட வில்லங்கத்தையும் மூலப்பத்திரத்தையும் நம் வக்கீல் படிக்க வேண்டும். விற்பவர் காட்டும் வக்கீல் வேண்டாம்.

கணக்குக்கு வருவோம். மனை 9 லட்சம், பதிவு 81,000. பெண்கள் பேரில் பத்து லட்சம் வரையிலான சொத்துக்கு 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணம் ஒரு சதவீதம் குறைவு. தம்பி மனைவி பேரில் பதிந்தால் 72,000. கட்டுமானத்துக்கு எங்களிடம் சொன்ன விலை சதுர அடிக்கு 2,300. எண்ணூறு சதுர அடிக்கு 18,40,000. ஆக 28 லட்சம் தாண்டிவிட்டது. போர், செப்டிக் டேங்க், காம்பவுண்டு, கரண்டு கனெக்‌ஷன் எதுவும் இன்னும் வரவில்லை. வீடு முடியும்வரை வாடகையும் ஓடும், வாங்கிய கடனுக்கு வட்டியும் ஓடும்.

கட்டுகிறவர் யார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. கடலோரக் காற்று படும் காங்கிரீட்டுக்கு எம்-30 தரம் வேண்டும், கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவே 45 மில்லிமீட்டர் காங்கிரீட் மூடியிருக்க வேண்டும், கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்று இந்தியத் தர விதி சொல்கிறது. மேஸ்திரி என்ன செய்வார்? மனையிலேயே ஒரு போர் போட்டு அந்தத் தண்ணீரிலேயே கலந்து, அதையே சுவருக்கும் பாய்ச்சுவார். நல்ல தண்ணீர் லாரியில் வாங்கினால் யார் காசு என்று ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டால் நிச்சயம் அதுதான் நடக்கும். தினம் போய் நிற்க வீட்டு ஆம்பளையோ பொம்பளையோ ஒருவர் வேண்டும். தம்பி தம்மாமில். தம்பி மனைவிக்குக் கைக்குழந்தை. "மதினி, நீங்க பாத்துக்குவீங்கல்ல" என்கிறாள். நான் பள்ளிக்கூடம் போக வேண்டாமா?

பழைய வீடு

நாங்கள் வாங்கியது இதுதான். அப்போது பன்னிரண்டு வருட வீடு. வாங்கிய இரண்டாம் வருடம் மாசி மாதம், காலை ஆறு மணி, வாசல் தெளிக்கப் போனேன். பின்னால் படாரென்று சத்தம். சமையலறை ஜன்னல் சன்ஷேடில் ஒரு முழ நீளத்துக்குக் காங்கிரீட் பெயர்ந்து கீழே கிடந்தது. உள்ளே இருந்த கம்பியை விரலால் தொட்டால் தவிடு மாதிரி உதிர்ந்தது. எட்டு எம்எம் கம்பி, ஈர்க்குச்சி அளவுக்கு வந்திருந்தது. பழுது பார்க்க வந்த கொத்தனார் உதிர்ந்த காங்கிரீட்டில் ஒரு துண்டை எடுத்து நாக்கில் வைத்துப் பார்த்தார். "கடல் மணல் கலந்திருக்காங்கம்மா" என்றார். எல்லா சன்ஷேடும், மாடிப்படி ஓரமும் மாற்ற 1,40,000 ஆனது.

வாங்குமுன் நாங்கள் பார்த்தது பெயின்டையும் டைல்ஸையும். பார்த்திருக்க வேண்டியதை இப்போது சொல்கிறேன். ஐந்து ரூபாய் நாணயத்தால் சன்ஷேடையும் பீமையும் தட்டிக்கொண்டே போங்கள். கெட்டியான இடத்தில் கணீரென்று கேட்கும், உள்ளே விட்டுப்போன இடத்தில் பொத்துப் பொத்தென்று கேட்கும். கம்பி ஓடும் கோட்டிலேயே நீளமாக விரிசல் இருந்தால் உள்ளே துரு. அலமாரியை நகர்த்தச் சொல்லிச் சுவரின் அடிப்பகுதியைப் பாருங்கள், உப்புப் பூத்திருக்கும். போன மாதம் அடித்த புதுப் பெயின்டுக்குச் சந்தோஷப்படாதீர்கள்.

அந்த வீட்டுக்காரம்மாவிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தத் தண்ணியில பருப்பு வேகுமாக்கா?" தரகரும் வீட்டுக்காரரும் தண்ணீர் தங்கமாக இருக்கும் என்பார்கள். அந்த அம்மாவுக்குப் பொய் சொல்ல வராது, ஒரு நொடி யோசிப்பார். நமக்குக் குடிக்கக் கேன் தண்ணீரைக் கொண்டுவந்து வைத்தால் கேட்கக்கூட வேண்டாம். காவிரிக் கூட்டுக் குடிநீர் அந்தத் தெருவுக்கு வருகிறதா, எத்தனை நாளைக்கு ஒருமுறை, எத்தனை குடம் என்று பக்கத்து வீட்டில் கேளுங்கள். குழாய்த் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்துக் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. வேறு வழியில்லை என்றால் 2,000 வரை குடிக்கலாம் என்கிறது தர விதி.

ராமேஸ்வரம் தீவிலும் கரையோர ஊர்களிலும் பவளப்பாறைக் கல்லும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டிய வீடுகள் இன்னும் சில நிற்கின்றன. மேலே பனங்கையும் ஓடும். இரும்பே இல்லாததால் துருப்பிடிக்க எதுவுமில்லை. மனதுக்குப் பிடிக்கும், வங்கிக்குப் பிடிக்காது. பவளப்பாறை எடுப்பது குற்றமாகிவிட்டதால் அதே கல்லில் பழுது பார்க்கவும் முடியாது.

பத்திரத்தில் பழைய வீடுதான் அதிகம் வேலை வாங்கும். கீழக்கரையில் வீடு பெண்பிள்ளைக்கு என்பது வழக்கம். தாயிடமிருந்து மகளுக்கு செட்டில்மென்ட் எழுதி வந்திருக்கும். எழுதி வந்திருந்தால் பிரச்சினையில்லை. வாய்மொழியாகக் கொடுத்த ஹிபாவும் முஸ்லிம் சட்டப்படி செல்லும் என்பதால், வில்லங்கத்தில் தெரியாத கொடை ஒன்று உள்ளே இருக்கலாம். இந்துக் குடும்பமென்றால் கூடப் பிறந்த அக்கா தங்கைகளுக்கும் 2005 திருத்தத்துக்குப் பின் பூர்வீகத்தில் சம பங்கு. "அவங்கல்லாம் கட்டிக்கொடுத்துப் போயிட்டாங்க" என்ற பேச்சு சார்பதிவாளர் அலுவலகத்தில் செல்லலாம், கோர்ட்டில் செல்லாது. எல்லா வாரிசும் கையெழுத்திட வேண்டும். ஒருவர் மலேசியாவில் இருந்தால் இந்தியத் தூதரகத்தில் சான்றொப்பம் வாங்கிய பவர் வர வேண்டும், வந்த மூன்று மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். தமிழ்நாட்டில் கிரைய ஒப்பந்தத்தையும் 2012 டிசம்பரிலிருந்து பதிவு செய்தாக வேண்டும். முன்பணத்தை ரொக்கமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கொடுக்கவே கூடாது.

நகராட்சி, பேரூராட்சி எல்லைக்குள் வாங்குகிறவருக்கு இன்னொரு லாபம் உண்டு. பிரதமர் வீட்டு வசதித் திட்டம் நகர்ப்புறம் 2.0இல், குடும்ப வருமானம் ஆண்டுக்கு 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் இருந்தால் அதில் முதல் எட்டு லட்சத்துக்கு 4 சதவீத வட்டி மானியம், அதிகபட்சம் 1.80 லட்சம், ஐந்து வருடத் தவணையாக வரும். நாட்டில் வேறெங்கும் சொந்தமாகப் பக்கா வீடு இருக்கக் கூடாது. ராமநாதபுரம், கீழக்கரை, ராமேஸ்வரம் மூன்றும் நகராட்சி. உச்சிப்புளி ஊராட்சி, அந்த எல்லைக்குள் வராது.

ஒத்தி

வெளியூர்க்காரர்களுக்கு இது புரியாது. ஐந்து லட்சம் கொடுத்து இரண்டு வருடம் வாடகையில்லாமல் இருந்துவிட்டு, போகும்போது ஐந்து லட்சத்தையும் திரும்ப வாங்கிக்கொள்வது. தம்பி கணக்கில் வாடகை வருடத்துக்கு 78,000 மிச்சம். அதே ஐந்து லட்சத்தை 7 சதவீத டெபாசிட்டில் போட்டால் 35,000தான் வரும். இப்படிப் பார்த்தால் ஒத்தி நல்ல பேரம்.

திருப்பித் தரும் நாளில்தான் வம்பு. வீட்டுக்காரர் அந்தக் காசை மகள் கல்யாணத்துக்குச் செலவழித்திருப்பார். அடுத்த ஒத்திக்காரர் வந்தால்தான் நம் காசு. பெரும்பாலும் ஒரு முத்திரைத்தாளில் எழுதி இரண்டு சாட்சி போட்டு முடித்துவிடுகிறார்கள். 100 ரூபாயோ அதற்கு மேலோ உள்ள இப்படிப்பட்ட அடமானம் பதிவு செய்த ஆவணமாகத்தான் இருக்க வேண்டும் என்று 1882ஆம் வருடச் சொத்து மாற்றுச் சட்டமே சொல்கிறது. பதிவுச் செலவுக்குப் பயந்து ஐந்து லட்சத்தை வெறும் தாளில் விடுவதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். அதே வீடு வங்கியில் அடமானத்தில் இருக்கிறதா என்று வில்லங்கமும் பார்க்க வேண்டும்.

தம்பிக்கு நான் சொன்னது: கடலோர மனையை மற. லேஅவுட் மனை, நீ ஊருக்கு வந்து ஆறு மாதமாவது இருக்கும் காலத்துக்கு. இப்போதைக்குப் பதிவு செய்த ஒத்தி, அதற்குள் நகராட்சி எல்லையில் பதினைந்து வருடத்துக்கு உட்பட்ட வீடு ஒன்று அமைந்தால் அதை வாங்கு. அவனுக்குப் பொறுமையில்லை. ஒத்திக்குப் போவதென்றால் மாமனார் வீட்டில் கௌரவக் குறைச்சலாம்.

இதற்கிடையில் ராமநாதபுரத்துக்குள்ளேயே ஒரு வீடு வந்திருக்கிறது. ஒன்பது வருடம், இரண்டரை சென்ட், விற்பவர் ஒரே ஆள், மூலப்பத்திரம் கையிலேயே இருக்கிறது. சன்ஷேடு எல்லாம் தட்டிப் பார்த்தேன், பின்பக்கம் ஒரு இடத்தில் மட்டும் பொத்தென்றது. வீட்டுக்கார அக்காவிடம் பருப்பைப் பற்றிக் கேட்டேன். "காவேரித் தண்ணில வேகும், போர்த் தண்ணில குக்கர் நாலு விசில் கூட வைக்கணும்" என்றார். போன வாரம் விடாமல் இரண்டு நாள் பெய்ததே, அன்று குடையோடு போய் நின்றேன். தெருமுனையில் கணுக்கால் வரை தண்ணீர், வாசல்படி நனையவில்லை. போட்டோ எடுத்து அனுப்பியிருக்கிறேன். போர்த் தண்ணீர் ஒரு பாட்டில் ஆய்வகத்தில் கொடுத்திருக்கிறது. முடிவு வந்ததும் பின்பக்க சன்ஷேடுக்கு எவ்வளவு குறைப்பார் என்று பேசிவிட்டு ஒப்பந்தம் போடலாம் என்று சொல்லியிருக்கிறேன். வெள்ளிக்கிழமை மறுபடி போன் வரும்.